வாய் கேன்சர் ஸ்க்ரீனிங்: டென்டல் கிளினிக்ல புதுசா வேலைக்கு சேந்தவங்களுக்கு ஒரு வழிகாட்டி

பல் டாக்டரா, ஹைஜீனிஸ்டா, இல்ல அசிஸ்டன்டா இப்பதான் ஒரு கிளினிக்ல சேந்திருக்கீங்கன்னா இது உங்களுக்குத்தான். காலேஜ்ல வாய் கேன்சர் பத்தி நிறைய படிச்சிருப்பீங்க, ஸ்லைடு பாத்திருப்பீங்க, பரீட்சையில பக்கம் பக்கமா எழுதியிருப்பீங்க, ஆனா ஒருத்தர் வாயத் திறந்துட்டு சேர்ல படுத்திருக்கும்போது எங்க ஆரம்பிக்கணும், எங்க விரல வைக்கணும், ஏதாவது தெரிஞ்சா அவங்ககிட்ட என்ன சொல்லணும், அதுக்கப்புறம் என்ன பண்ணணும்னு வரிசையா சொல்லித் தர்றவங்க கம்மி. அதத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல இது ஏன் நம்ம வேலைன்னு பாத்துடலாம். 2022-ல உலகம் முழுக்க உதடு, வாய்ப்பகுதி கேன்சர் புதுசா வந்தவங்க சுமார் 3,89,000 பேர், இறந்தவங்க சுமார் 1,88,000 பேர்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு (ஐஏஆர்சி) மதிப்பிட்டிருக்கு. குடல்லயோ கணையத்துலயோ வர்ற கேன்சர பாக்க ஸ்கேன் வேணும், ஸ்கோப் வேணும், இது அப்படி இல்ல, வாயத் திறந்தா வெறும் கண்ணுக்கே தெரியற இடம், விரலால தொட்டுப் பாக்கற இடம். அப்படியிருந்தும் நிறைய பேர் முத்தின பிறகுதான் டாக்டர்கிட்ட வர்றாங்க. அமெரிக்கப் பதிவுகள எடுத்துப் பாத்தா வாய், தொண்டைப் பகுதி கேன்சர் அது ஆரம்பிச்ச இடத்துலயே இருக்கும்போது கண்டுபிடிச்சா 5 வருஷத்துக்கு மேல பிழைக்கறவங்க 80 சதவீதத்துக்கும் மேல, தூரத்து உறுப்புக்குப் பரவின பிறகுன்னா அது பாதிக்கும் கீழ எறங்கிடுது. இந்த வித்தியாசத்துக்கு நடுவுல நிக்கறது பெரும்பாலும் பல் டாக்டர்தான், ஏன்னா உடம்புக்கு ஒண்ணும் இல்லாதவங்க கூட பல் க்ளீன் பண்ண வருவாங்க, அந்த நேரத்துல வாய முழுசா பாக்கற ஒரே ஆள் நாமதான்.

இன்னொரு விஷயமும் நேர்மையா தெரிஞ்சு வச்சுக்கணும். ஸ்க்ரீனிங் பண்ணா உயிர் பிழைக்கறாங்களான்னு பெரிய அளவுல சோதிச்சுப் பாத்தது 1996-ல கேரளாவுல திருவனந்தபுரத்துல ஆரம்பிச்ச ஆய்வு. பயிற்சி குடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாப் போய் கண்ணால பாத்தாங்க, அவ்வளவுதான், பெரிய மெஷின் எதுவும் கிடையாது. 2005-ல வந்த ரிசல்ட்ல புகையிலையோ மதுவோ பழக்கம் இருந்தவங்ககிட்ட வாய் கேன்சர் சாவு 34 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. பழக்கம் இல்லாதவங்ககிட்ட அப்படி தெளிவான பலன் தெரியல. 2013-ல அமெரிக்காவோட தடுப்பு மருத்துவக் குழு, அறிகுறி எதுவும் இல்லாத எல்லாருக்கும் ஜெனரல் டாக்டருங்க ஸ்க்ரீனிங் பண்ணணும்னோ வேண்டாம்னோ சொல்ல ஆதாரம் போதலன்னு சொன்னாங்க. ஆனா அது ஆள தனியா கூப்பிட்டு ஸ்க்ரீனிங் பண்றதப் பத்தினது. நம்ம சேர்ல ஏற்கெனவே வாயத் திறந்து படுத்திருக்கறவங்கள அஞ்சு நிமிஷம் கூடுதலா பாக்கறது வேற விஷயம், அத எல்லாருக்கும் பண்ணுங்க. பழக்கம் இருக்கறவங்களுக்கு இன்னும் கவனமா, இன்னும் அடிக்கடி பண்ணுங்க.

1. வாயப் பாக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

புகை பிடிக்கிறீங்களான்னு மட்டும் கேட்டா பாதி விஷயம் விட்டுப் போயிடும். மெல்லற புகையிலை, மூக்குப்பொடி மாதிரி ஈறுல வைக்கிறது, பாக்கு, இதெல்லாம் தனித்தனியா பேரச் சொல்லிக் கேக்கணும். பாக்குல புகையிலை கலக்காட்டியும் பாக்கே கேன்சர உண்டாக்கும்னு ஐஏஆர்சி முதல் வகையில வச்சிருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியாது, புகையிலை போடறதில்லைங்க வெறும் பாக்குதான்னு நிம்மதியா சொல்லுவாங்க. எத்தன வருஷமா, ஒரு நாளைக்கு எத்தன தடவ, வாயில எந்தப் பக்கம் அடக்கி வைப்பாங்க, தூங்கும்போதும் வாயில இருக்குமான்னு கேளுங்க. எந்தப் பக்கம்னு கேக்கறது முக்கியம், அந்த இடத்தத்தான் அப்புறம் ரெண்டு தடவ பாக்கப் போறீங்க.

மதுவும் கேளுங்க. புகையும் மதுவும் சேந்தா ஆபத்து கூட்டல் கணக்குல ஏறாது, பெருக்கல் கணக்குல ஏறும். குரல்ல கேள்வி கேக்கற தோரணை மட்டும் வேண்டாம், எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விதான் இதுன்னு ஒரு வரி முதல்லயே சொல்லிட்டா உண்மையச் சொல்லிடுவாங்க.

அப்புறம் அறிகுறி. ஆறாத புண், காரணமில்லாம பல் ஆடறது, சாப்பிடும்போது எரிச்சல், முழுங்கறதுல சிரமம், குரல் கம்மி அப்படியே இருக்கறது, ஒரு பக்கம் மட்டும் காது வலி ஆனா காதுல ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு, கீழுதடு மரத்துப்போச்சு, வாய் முன்ன மாதிரி திறக்க முடியல, பல் செட்டு திடீர்னு சரியா உக்கார மாட்டேங்குது. இதுக்கு முன்னாடி கேன்சர் வந்திருக்கா, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை மாதிரி ஏதாவது ஆச்சான்னும் கேட்டுக்கோங்க, அவங்களுக்கு ரிஸ்க் கூட.

பழக்கம் எதுவும் இல்லன்னு சொன்னவங்கள வேகமா பாத்து அனுப்பிடாதீங்க. ஒரு சிகரெட் தொடாத, வயசும் கம்மியான ஆளுங்களுக்கும் நாக்கு ஓரத்துல கேன்சர் வருது. ஹெச்பிவி 16 வைரஸால வர்றது பெரும்பாலும் டான்சில், நாக்கோட பின்பக்க வேர் மாதிரி தொண்டைப் பக்கம்தான், அத வாய்க்கண்ணாடி வச்சு முழுசா பாக்க முடியாது, அங்கல்லாம் பெரும்பாலும் கழுத்துல வலிக்காத கட்டிதான் முதல் அறிகுறியா வரும்.

2. வெளிய இருந்து உள்ள

கழுத்துலதான் ஆரம்பிக்கணும். நேரா ஈறப் பாக்கப் போயிடாதீங்க. முகம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா, உதட்டுல ஆறாத பொருக்கு இருக்கான்னு முன்னாடி நின்னு பாருங்க. வெயில்ல வேலை பாக்கறவங்களுக்கு கீழுதடு ஓரம் மங்கிப்போய் வறண்டு இருக்கும், அதுவும் கேன்சருக்கு முந்தின நிலையா இருக்கலாம். அப்புறம் பின்னாடி போய் நின்னு தாடைக்கு அடியில, தாடைக் கோணத்துல, கழுத்து ஓரமா கீழ வரைக்கும், காறை எலும்புக்கு மேல வரைக்கும் விரல் நுனியால உருட்டிப் பாருங்க. தலைய கொஞ்சம் முன்னாடியும் பாக்கற பக்கமாவும் சாய்க்கச் சொன்னா தசை தளரும், நெறிக்கட்டு கைக்குத் தெரியும். வலிக்குது, மெத்துன்னு இருக்கு, நகருதுன்னா பெரும்பாலும் கிருமித் தொற்று. கெட்டியா, நகராம, வலியே இல்லாம இருந்தா சந்தேகப்படுங்க.

3. உள்ள, ஒரே வரிசையில, ஒவ்வொரு தடவையும்

நல்ல லைட், ரெண்டு வாய்க்கண்ணாடி, கிளவுஸ், காஸ் துணி, அளவு போட்ட ப்ரோப், இவ்வளவுதான் வேணும். பல் செட்டு போட்டிருந்தா கழட்டச் சொல்லுங்க, பகுதிச் செட்டா இருந்தாலும் சரி, கழட்டாம பாத்தா பாக்காத மாதிரிதான்.

எந்த வரிசைன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம், ஆனா அத மாத்தாதீங்க. நான் பழகினது உதடு உள்பக்கம், வலது கன்னம், இடது கன்னம், ஈறு மேல கீழ, நாக்கு, நாக்குக்கு அடி, அண்ணம், கடைசியா தொண்டை வாசல். கன்னத்த வெளிய இழுத்துப் பாக்கும்போது கடைசிப் பல்லுக்குப் பின்னாடி இருக்கற முக்கோணத்த விட்டுடாதீங்க, அங்க கண்ணாடி தானா போகாது, நாமதான் கொண்டு போகணும். மெல்லற பழக்கம் இருக்கறவங்களுக்கு ஈறும் கன்னமும் சேர்ற பள்ளத்துல, பொட்டலம் அடக்கி வைக்கிற அதே இடத்துல விரல விட்டுத் தடவிப் பாருங்க.

நாக்குதான் அதிக நேரம் எடுக்க வேண்டிய இடம். காஸ் துணிய நாக்கு நுனியில சுத்திப் பிடிச்சு மெதுவா முன்னாடியும் ஒரு பக்கமாவும் இழுத்து, மறு கையில கண்ணாடியால கன்னத்த ஒதுக்கி, நாக்கோட ஓரத்த பின்பக்க வேர் வரைக்கும் பாக்கணும். பாதியோட நின்னுடறவங்கதான் அதிகம், கேன்சர் அதிகமா உக்கார்ற இடம் அந்தப் பின்பாதி ஓரம்தான். நாக்க இழுக்கும்போது கீழ்ப்பல் நுனியில நாக்குக்கு அடியில இருக்கற சவ்வு மடிப்பு அறுபடாம பாத்துக்கோங்க, கொஞ்சம் ஒதுக்கினா போதும். பாத்து முடிச்ச பிறகு அதே ஓரத்த கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு அமுக்கிப் பாருங்க, மேல ஒண்ணும் தெரியாம உள்ள கெட்டியா இருக்கறது கைக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் நாக்க மேல தூக்கச் சொல்லி அடியில பாருங்க, ஒரு விரல் வாய்க்குள்ள, இன்னொரு கை தாடைக்கு வெளிய அடியில, ரெண்டுக்கும் நடுவுல வர்றத உணரணும்.

அண்ணத்தப் பாக்க தலைய பின்னாடி சாய்க்கச் சொல்லுங்க, தொண்டைக்கு நாக்க லேசா அழுத்திட்டு ஆ சொல்லச் சொன்னா ரெண்டு டான்சிலும் தெரியும், ஒண்ணு மட்டும் பெருசா இருந்தா எழுதி வைங்க. பழகிட்டா இது மொத்தமும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும்.

4. நார்மல் எது, சந்தேகம் எது

புதுசா பாக்கறவங்க ரொம்ப பயப்படறது நார்மல் விஷயங்களத்தான். கன்னத்துல பல் சேர்ற கோட்டுல ஒரு வெள்ளைக் கோடு, மஞ்சள் புள்ளி புள்ளியா கொழுப்புச் சுரப்பி, நாக்கோட பின் ஓரத்துல செங்குத்து மடிப்பு மடிப்பா இருக்கற திசு, அண்ணத்து நடுவுல எலும்பு மேடு, நாக்குக்கு அடியில நீலமா வீங்கின ரத்தக்குழாய், இதெல்லாம் நார்மல். கன்னம் ரெண்டு பக்கமும் பால் பூசின மாதிரி வெளுத்திருந்து, இழுத்துப் பிடிச்சா மறைஞ்சிடுதுன்னா அதுவும் பரவால்ல. நாக்கு மேல தீவு தீவா சிவப்பு, அடுத்த தடவ வரும்போது வேற இடத்துல இருக்குன்னா அது மேப் நாக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கான்னு பாக்கற பழக்கம் வந்தாலே பாதி குழப்பம் தீந்துடும்.

வெள்ளைப் படலத்த காஸ் வச்சுத் துடைச்சா வந்துடுச்சுன்னா பூஞ்சைத் தொற்றா இருக்கலாம். துடைச்சும் வரலன்னா, வேற காரணமும் இல்லன்னா அது லூக்கோபிளேக்கியா. எல்லா லூக்கோபிளேக்கியாவும் கேன்சரா மாறாது, பெரும்பாலானது மாறாமயே இருக்கும், ஆனா எது மாறும்னு கண்ணால சொல்ல முடியாது. ஒரே மாதிரி தட்டையா வெளுத்திருக்கறத விட மேடு பள்ளமா, சிவப்பு கலந்து, மரு மாதிரி இருக்கறது ஆபத்து அதிகம். வெல்வெட் மாதிரி சுத்தமா சிவப்புத் திட்டு மட்டும் இருந்தா, அது எரித்ரோபிளேக்கியா, அத ஒரு நாளும் சாதாரணமா எடுத்துக்காதீங்க, பயாப்சி, அதாவது கொஞ்சம் திசு எடுத்து லேப்ல டெஸ்ட், பண்ணிப் பாக்கும்போது பெரும்பாலும் அதுக்குள்ள ஏற்கெனவே முத்தின செல் மாற்றமோ கேன்சரோ இருக்கும். அது வலிக்கவும் செய்யாது, அதனால பேஷன்ட் தானா சொல்லவும் மாட்டாங்க.

பாக்கு போடறவங்களுக்கு வர்ற சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் வேற மாதிரி. கன்னம் வெளுத்துப் போய் பளிங்கு மாதிரி ஆயிடும், தொட்டா உள்ள கயிறு கயிறா பட்டை தெரியும், காரம் பட்டா எரியும், வாய் கொஞ்சம் கொஞ்சமா மூடிட்டே வரும். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவுல எத்தன மில்லிமீட்டர் திறக்குதுன்னு ஸ்கேல் வச்சு அளந்து ஒவ்வொரு விசிட்லயும் எழுதுங்க. பாக்கு போடறத நிறுத்தினாலும் வந்த பட்டை முழுசா மறையாது, ஆனா நிறுத்தாட்டி நிலைமை மோசமாயிட்டே போகும்.

பல் டாக்டருக்கு மட்டுமே கண்ணுல படற சில விஷயம் இருக்கு, அதுக்கு நான் தனி மரியாதை குடுப்பேன். ஈறு நோய் இல்லாத வாயில ஒரே ஒரு பல் மட்டும் திடீர்னு ஆடுது. பல் புடுங்கின குழி வாரக்கணக்கா ஆறாம சதை பொங்கிட்டு நிக்குது. இந்த மாதிரி கேஸ்ல ஆடுதே புடுங்கிடலாம்னு கைய வைக்காதீங்க. எக்ஸ்ரே எடுங்க, எலும்பு பூச்சி அரிச்ச மாதிரி ஓரம் தெளிவில்லாம கரைஞ்சிருந்தா அந்தப் பல்லத் தொடாம ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்புங்க.

5. ரெண்டு வாரம்

புண்ணோ திட்டோ பாத்தா முதல்ல காரணம் தேடுங்க. கூரான பல் இருக்கா, உடைஞ்ச ஃபில்லிங் குத்துதா, பல் செட்டு ஓரம் உரசுதா. இருந்தா அத சரி பண்ணிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்க. காரணத்த எடுத்துட்டா சாதாரணப் புண் அதுக்குள்ள ஆறிடும், இல்ல ஆற ஆரம்பிச்சது நல்லாவே தெரியும். ஆறலன்னா அதுக்கு மேல ஜெல்லு, மவுத்வாஷ், வைட்டமின் மாத்திரைன்னு மாத்தி மாத்திக் குடுத்து நாளக் கடத்தாதீங்க. பிரிட்டன்ல 2015-லிருந்து இருக்கற விதிப்படி காரணம் தெரியாத வாய்ப்புண் மூணு வாரத்துக்கு மேல ஆறாம இருந்தா கேன்சர் சந்தேகம்னு அவசர ரெஃபரல் குடுக்கணும். நாடு மாறினா வாரக் கணக்கு ரெண்டு மூணுன்னு மாறும், மாசக் கணக்கா எங்கயும் கிடையாது.

கெட்டியான ஓரம், கழுத்துல கட்டி, மரமரப்பு, சிவப்புத் திட்டு, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் அந்த ரெண்டு வாரம் கூட வேண்டாம், அன்னைக்கே அனுப்புங்க.

பாத்தத எழுதறதுல சோம்பல் கூடாது. நாக்குல புண்ணுன்னு எழுதினா அடுத்து பாக்கறவருக்கு ஒண்ணும் புரியாது. நாக்கு இடது ஓரம், நடுவுக்கும் பின்னுக்கும் இடையில, 8 மில்லிமீட்டருக்கு 5, மேடான ஓரம், அடியில கெட்டி, தொட்டா ரத்தம் வருது, வலி இல்லன்னு எழுதுங்க. பக்கத்துல ப்ரோப் வச்சு ஒரு போட்டோ எடுங்க, அளவு அதுலயே தெரியும். பேஷன்ட் சம்மதம் வாங்கிட்டு எடுங்க.

6. பயாப்சி, ரெஃபரல்

நீல வெளிச்சத்துல பாக்கற கருவி, டொலுயிடின் புளூ சாயம், இதெல்லாம் விக்கறவங்க நல்லாத்தான் பேசுவாங்க. சாதாரண அழற்சி கூட அதுல சந்தேகமா தெரியும், அனாவசியமா பயமுறுத்தும், சில சமயம் நிஜமானது விட்டும் போகும். அமெரிக்கன் டென்டல் அசோசியேஷன் 2017-ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் சந்தேகமான இடத்த மதிப்பிட இந்தக் கருவிகள பரிந்துரைக்கல, பயாப்சி பண்ணுங்க இல்ல பண்றவங்ககிட்ட அனுப்புங்கன்னுதான் சொல்றாங்க. பேஷன்ட் பயாப்சிக்கு ஒத்துக்கவே மாட்டேங்கறாங்கன்னா செல் சுரண்டி டெஸ்டுக்கு அனுப்பலாம், சந்தேகமா வந்தா அதக் காட்டி மறுபடி சம்மதிக்க வைக்கலாம்.

கேன்சர்னு பலமா சந்தேகம் இருந்தா நீங்க கத்திய எடுக்காம இருக்கறதுதான் நல்லதுன்னு நான் நெனைக்கறேன், சிகிச்சை குடுக்கப் போற சர்ஜன் அந்த இடத்த மாறாத நிலையில பாக்கணும். முழுசா வெட்டி எடுத்துடறது ரொம்பத் தப்பு, அப்புறம் ஓரம் எங்க இருந்துச்சுன்னே அவங்களுக்குத் தெரியாது. பயிற்சி இருந்து நீங்களே சாம்பிள் எடுக்கறதா இருந்தா, புண்ணோட அழுகின நடுப்பகுதிய எடுக்காதீங்க, அங்க செத்த திசுதான் வரும். சிவப்பான இடம், கெட்டியான இடம், ஓரம், இதுல எடுங்க, ஆழமும் கொஞ்சம் வேணும். மரத்துப்போற ஊசிய அந்த இடத்துக்குள்ளயே குத்தாம சுத்திப் போடுங்க, திசு உப்பிடுச்சுன்னா லேப்ல படிக்கறது கஷ்டம். எடுத்தத ஃபோர்செப்ஸால நசுக்காதீங்க. 10 சதவீத ஃபார்மலின்ல, திசு அளவ விட பத்து மடங்காவது திரவம் இருக்கற மாதிரி போடுங்க, தண்ணியிலயோ சலைன்லயோ போட்டா வீணாயிடும். பேர் எழுதின லேபிள பாட்டில் மேல ஒட்டுங்க, மூடியில ஒட்டினா லேப்ல மூடி மாறினா பேரும் மாறிடும்.

ரிப்போர்ட் வந்ததும் ஒரு விஷயம் பாருங்க, அது நீங்க வாயில பாத்ததோட ஒத்துப்போகுதா? கெட்டியா, ரத்தம் வடியற புண்ணுக்கு வெறும் அழற்சின்னு ரிப்போர்ட் வந்தா அதோட நிம்மதியாயிடாதீங்க, சாம்பிள் சரியான இடத்துல எடுக்கப்படாம இருந்திருக்கலாம், பத்தாலஜிஸ்ட்கிட்ட போன்ல பேசுங்க, மறுபடி எடுக்கச் சொல்லுங்க. டிஸ்பிளேசியா (கேன்சருக்கு முந்தின செல் மாற்றம்) இல்லன்னு வந்த லூக்கோபிளேக்கியாவையும் விட்டுடக்கூடாது, குறிப்பிட்ட இடைவெளியில கூப்பிட்டுப் பாத்துட்டே இருக்கணும்.

7. பேஷன்ட்கிட்ட எப்படிப் பேசறது

இதத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல. பாத்த உடனே முகத்துல பதட்டம் காட்டாதீங்க, அசிஸ்டன்ட கூப்பிட்டு காதுல ஏதோ சொல்லாதீங்க, வாயத் திறந்து படுத்திருக்கறவங்க எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருப்பாங்க. சேர நிமித்தி, மாஸ்க்க எறக்கி, கண்ணப் பாத்துப் பேசுங்க. ஒண்ணுமில்ல கவலப்படாதீங்கன்னு சொல்லிட்டா அவங்க அடுத்த இடத்துக்குப் போகவே மாட்டாங்க. கேன்சர்தான்னு சொல்றதும் தப்பு, நமக்கு அது இன்னும் தெரியாது.

இப்படிச் சொல்லலாம்: "அம்மா, நாக்கு ஓரத்துல ஒரு இடம் வித்தியாசமா இருக்கு. நிறைய காரணத்தால இப்படி வரலாம், அதுல சிலது சீரியஸானதும் இருக்கு. அதனால டெஸ்ட் பண்ணிப் பாக்காம விடக்கூடாது, இந்த வாரத்துக்குள்ள ஸ்பெஷலிஸ்ட்ட பாத்துடணும். நானே இப்ப போன் பண்ணி டைம் வாங்கித் தர்றேன்." கேன்சரான்னு நேரா கேட்டாங்கன்னா, அது இல்லன்னு உறுதி பண்ணத்தான் டெஸ்ட், இப்ப என்னால இருக்குன்னும் சொல்ல முடியாது இல்லன்னும் சொல்ல முடியாதுன்னு சொல்லுங்க. கண்ணாடியக் குடுத்து அந்த இடத்த அவங்களே பாக்கற மாதிரி காட்டுங்க, பாத்தவங்க மறக்க மாட்டாங்க. கூட வந்தவங்க இருந்தா அனுமதி கேட்டு அவங்களையும் உள்ள கூப்பிட்டு சொல்லுங்க, பயத்துல இருக்கறவங்க காதுல பாதிதான் ஏறும்.

8. கை நழுவற இடம்

இதத்தான் அழுத்திச் சொல்ல ஆசப்படறேன். பாக்கத் தெரியாம விட்டுப்போறத விட, பாத்து, சொல்லி, லெட்டர் குடுத்து, அதுக்கப்புறம் அவங்க போனாங்களா இல்லையான்னு யாரும் கேக்காம விட்டுப்போறது எனக்கு அதிகம் கவலை தர்ற விஷயம். புண்ணு வலிக்கல, வேலை இருக்கு, பயம் வேற, மூணும் சேந்து அந்த லெட்டர் பையிலயே கிடக்கும்.

அதனால கிளினிக்ல ஒரு தனி நோட்டு போடுங்க, கம்ப்யூட்டர்ல இருந்தாலும் சரி. சந்தேகமா இருக்கற ஒவ்வொருத்தருக்கும் பேர், போன், என்ன பாத்தோம், எப்ப திரும்ப வரணும், யார்கிட்ட அனுப்பினோம், போனாங்களா, ரிப்போர்ட் வந்துச்சா. கடைசி ரெண்டு கட்டம் நிரம்பாத வரைக்கும் அந்த வரிய அடிக்கக் கூடாது. இது ரிசப்ஷன்ல இருக்கறவங்களும் பண்ணலாம், சொல்லப்போனா அவங்கதான் நல்லா பண்ணுவாங்க. வாரத்துல ஒரு நாள் அத எடுத்து வச்சு போன் பண்ணணும். எடுக்கலன்னா மறுபடி, வேற நேரத்துல. கடைசி வரைக்கும் எடுக்கலன்னா எத்தன தடவ கூப்பிட்டோம்னு எழுதி வச்சு தபால் அனுப்புங்க.

ஹைஜீனிஸ்டுகளுக்கு ஒரு வார்த்தை. டாக்டர விட நீங்கதான் ஒரு வாய்ல அதிக நேரம் இருக்கீங்க. ஏதாவது கண்ணுல பட்டா, டாக்டர் பாத்திருப்பார்னு நெனச்சு விடாதீங்க, கூப்பிட்டுக் காட்டுங்க. அப்படிக் காட்டும்போது எரிச்சல் படற சீனியர் இருந்தாலும் காட்டுங்க.

9. பழக்கத்த விட உதவறது

விடுங்கன்னு சொல்றது மட்டும் உதவி ஆகாது, ஆனா அந்த ஒரு வார்த்தைய கூட சொல்லாம அனுப்பற கிளினிக் நிறைய. கேளுங்க, விடச் சொல்லுங்க, தயாரா இருக்காங்களான்னு பாருங்க, வழி காட்டுங்க, திரும்பக் கூப்பிடுங்க, இந்த அஞ்சு படிதான் உலகம் முழுக்க சொல்லித் தர்றது. அவங்க வாயிலயே இருக்கற கறை, வெள்ளைப் படலம், இதக் காட்டிப் பேசினா நுரையீரல் படம் காட்டறத விட நல்லா உறைக்கும்.

விடத் தயாரா இருக்கறவங்களோட சேந்து ஒரு தேதி குறிங்க. நிக்கோட்டின் சூயிங்கம் குடுக்கறதா இருந்தா எப்படி மெல்லணும்னு சொல்லித் தரணும், சாதாரண சூயிங்கம் மாதிரி மென்னுட்டே இருந்தா விக்கல், நெஞ்செரிச்சல்தான் வரும். சுருசுருன்னு வர்ற வரைக்கும் மெதுவா மென்னுட்டு கன்னத்துல ஒதுக்கி வைக்கணும், அந்த உணர்வு போனதும் மறுபடி மெல்லணும். தூங்கி எழுந்து அரை மணி நேரத்துக்குள்ள முதல் சிகரெட் பிடிக்கறவங்களுக்கு 4 மில்லிகிராம், மத்தவங்களுக்கு 2. காபி, ஜூஸ் குடிச்ச 15 நிமிஷத்துக்குள்ள போட்டா சரியா உறிஞ்சாது. திரும்ப ஆரம்பிச்சுட்டேன்னு வந்தாங்கன்னா திட்டாதீங்க, நிறைய பேர் பல தடவ முயற்சி பண்ணித்தான் விடறாங்க.

விழிப்புணர்வு முகாம் போடும்போது ஒரு கூட்டத்த எப்பவும் மறந்துடறோம், பல்லே இல்லாத வயசானவங்க. பல்லுதான் இல்லையே எனக்கெதுக்கு பல் டாக்டர்னு வரவே மாட்டாங்க, ஆனா அவங்க வயசு, அத்தன வருஷப் பழக்கம், எல்லாம் சேத்து அவங்களுக்குத்தான் பாக்க வேண்டிய அவசியம் அதிகம். நோட்டீஸ்ல பல் இல்லாதவங்களும் வாங்கன்னு பெருசா போடுங்க. முகாம்ல சந்தேகமா பாத்தவங்க பேரும் அந்த நோட்டுல ஏறணும், இல்லன்னா அன்னைக்கு போட்டோ எடுத்ததோட அந்த முகாம் முடிஞ்சு போயிடும்.

10. கேன்சர்னு உறுதியான பிறகும் நம்ம வேலை இருக்கு

ரேடியேஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வாய ரெடி பண்றது நம்ம பொறுப்பு. காப்பாத்த முடியாத பல்ல அப்பவே எடுத்துடணும், எடுத்த குழி ஆற ரெண்டு வாரமாவது கிடைக்கற மாதிரி ரேடியேஷன் டாக்டர்கிட்ட பேசித் திட்டம் போடணும். ரேடியேஷன் பட்ட தாடையில பின்னாடி பல் புடுங்கினா எலும்பு ஆறாம செத்துப்போற ஆபத்து வருஷக்கணக்கா இருக்கும், அதனால எப்பவோ ரேடியேஷன் எடுத்தவங்க பல்வலின்னு வந்தாலும் எந்தப் பக்கம், எவ்வளவு டோஸ்னு கேக்காம ஃபோர்செப்ஸத் தொடாதீங்க. எச்சில் வத்திப்போறதால பல் வேகமா சொத்தையாகும், அவங்களுக்கு ஃப்ளோரைடு தினமும் வேணும், வாய் இறுகாம இருக்க திறக்கற பயிற்சி சொல்லிக் குடுக்கணும்.

ஒரு தடவ வாய் கேன்சர் வந்தவங்களுக்கு வாயிலயோ தொண்டையிலயோ இரண்டாவதா புதுசா ஒண்ணு வரலாம், பழக்கத்தால அந்த முழுப் பரப்பும் ஏற்கெனவே கெட்டிருக்கும்னு 1953-லயே எழுதியிருக்காங்க. அவங்க சும்மா க்ளீனிங்குக்கு வந்தாலும் கழுத்துல இருந்து தொண்டை வரைக்கும் அதே வரிசையில பாருங்க, வாய் எத்தன மில்லிமீட்டர் திறக்குதுன்னு அளந்து போன தடவ எழுதினதுக்குப் பக்கத்துலயே எழுதுங்க, குறைஞ்சிருந்தா அன்னைக்கே அவங்க கேன்சர் டாக்டருக்கு போன் பண்ணிடுங்க.